டாக்டர் துரைக்கு வாய்த்த துபாஷி

ஷபீ அஹமது சர்க்கார் உத்தியோகத்தை உதறியதற்குக் காரணம் ஒரு குதிரை. அப்படி ஒரு குதிரை இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் அது செய்ததாக அவர் எழுதிய காரியத்தை எந்தக் குதிரையும் இதுவரை செய்ததில்லை.

மேல்விஷாரத்தில் பிறந்த ஆண்பிள்ளைக்கு அந்தக் காலத்தில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று தோல் வாங்குவது, இன்னொன்று தோல் விற்பது. ஷபீ அஹமதுக்கு இரண்டும் ஒத்துவரவில்லை. மெட்ரிகுலேஷன் தேறினார், கையெழுத்து முத்து முத்தாக இருந்தது, ஒரு சர்க்கார் கச்சேரியில் நகல் எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். எந்தக் கச்சேரி என்று நான் சொல்லப்போவதில்லை. எல்லாக் கச்சேரிகளும் ஒரே மாதிரிதான் கொட்டாவி விடுகின்றன. குடும்பத்தில் சர்க்கார் நாற்காலியைப் பார்த்த முதல் ஆள் என்பதால் தெரு முழுக்க இனிப்பு கொடுத்தார்கள். ஊரிலேயே பெரிய தோல் பதனிடும் ஷாப் வைத்திருந்த கவுஸ் பாஷா தன் மகள் ஹலீமா பீயைக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை மேல் தோல் வாடை அடிக்காது என்பது அவர் சொன்ன காரணம்.

பதினோரு வருடம் ஷபீ அஹமது நகல் எழுதினார். அணைக்கட்டுப் பக்கத்துக் குடியானவர்கள் கிணறு வற்றிவிட்டது என்று மனுப்போடுவார்கள். அதை நகல் எடுத்து மேலே அனுப்புவார். மேலேயிருந்து, விசாரித்து அறிக்கை அனுப்பவும் என்று வரும். அதையும் நகல் எடுத்துக் கீழே அனுப்புவார். அடுத்த வருடம் அதே குடியானவர்கள், அதே கிணறு, அதே மனு. பதினோராவது வருடத்தில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது: இதையெல்லாம் யாராவது படிக்கிறார்களா?

சந்தேகத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் அல்ல அவர். 1912ஆம் வருடம், மாதாந்திர மழை, பயிர் அறிக்கையை ஆங்கிலத்தில் நகல் எடுக்கும்போது, கேழ்வரகுக்கும் நிலக்கடலைக்கும் நடுவில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார். தாசில்தார் அவர்களின் குதிரை இவ்வாண்டு பி.ஏ. பரீட்சையில் இரண்டாம் வகுப்பில் தேறியிருக்கிறது என்பது அந்த வாக்கியம். அறிக்கை மூன்று மேஜைகளைத் தாண்டிப் போயிற்று. மூன்று கையெழுத்துகளோடு திரும்பி வந்தது. பார்க்கப்பட்டது, கோப்பில் சேர்க்கவும் என்று கடைசிக் கையெழுத்துக்கு மேல் எழுதியிருந்தது.

ஷபீ அஹமது அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டு விரட்டியிருந்தால்கூட மனிதர் சந்தோஷப்பட்டிருப்பார். ஒரு ஆளாவது படித்தான் என்றாகியிருக்கும். மறுநாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அதையும் யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது. இரண்டு மாதம் வரைக்கும் வருகைப் பதிவேட்டில் அவர் தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.

விஷயம் தெரிந்ததும் கவுஸ் பாஷா மருமகனை ஷாப்புக்கு வரச் சொன்னார். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் தோல்கள் ஊறிக்கொண்டிருந்த தொட்டிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் உருது, ஷாப்பில் தமிழ் என்பது அவர் வழக்கம். வேலையாட்களும் கேட்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, தமிழிலேயே ஆரம்பித்தார்.

"இன்னா மாப்ளே, நெசமாவே விட்டுட்டீங்களா?"

"விட்டுட்டேன் மாமூ."

"சர்க்கார் வேலையை யாராவது விடுவாங்களா? மவுத்தானா போவும், இல்லாங்காட்டி பென்ஷன் வந்தா போவும். நடுவுல போற வழக்கமே கிடையாதே."

"யாருக்காவது உபயோகமா ஒரு வேலை செய்யணும்னு இருக்கு."

"உபயோகம்னா? இந்தா ஊறுது பாருங்க, இது லண்டனுக்குப் போவுது. அங்க பூட்ஸ் ஆவுது. இது உபயோகம் இல்லியா?"

"பூட்ஸ் போடறவனுக்கு உபயோகம்தான்."

"போடறவன் கிடக்கட்டும். நாளைலேர்ந்து இங்க வந்து உக்காருங்க. தோல் எண்ணுங்க."

"எண்ணிட்டு?"

"இன்னா எண்ணிட்டு? மறுநாள் வேற தோல் வரும். அதை எண்ணுங்க."

ஷபீ அஹமது தொட்டிகளைப் பார்த்தார். அவருக்குக் கச்சேரியே தண்ணீரில் ஊறுவது போலத் தோன்றியது. கப்பல் ஏறப்போவதாக அங்கேயே சொன்னார். எந்த ஊர் என்று அவர் அதுவரை யோசிக்கவில்லை. மாமனார் கேட்டபோது வாயில் வந்தது பினாங்கு. அதனால் பினாங்குக்குப் போவதென்று முடிவாயிற்று.

ஹலீமா பீ இதை அழுகையும் ஆர்ப்பாட்டமுமாக எடுத்துக்கொள்வாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"பினாங்குல இன்னா வேலை?"

"போய்த்தான் பார்க்கணும்."

"யாரைத் தெரியும் அங்க?"

"யாரையும் தெரியாது."

"அப்ப சரி. தெரிஞ்சவங்க இருந்தா இந்நேரம் வர வேணாம்னு எழுதியிருப்பாங்க." முறத்தைக் கீழே வைத்தாள். "போங்க. ஆனா கடுதாசியில பொய் எழுதாதீங்க. பொய் எழுதறப்ப உங்க கையெழுத்து ரொம்ப அழகா ஆயிடுது. நான் கண்டுபுடிச்சிடுவேன்."

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் தகப்பன் வீட்டுக்குப் போனாள். அவர் சென்னப்பட்டணம் போய்க் கப்பல் ஏறினார். மேல்தளத்தில் ஏழு நாள் வாந்தி எடுத்தார். உபயோகமான வேலையைத் தேடிப் போகிறவனுக்குக் கடல் தனிச்சலுகை எதுவும் தருவதில்லை.

பினாங்கில் அவரை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. நாகூர், காரைக்கால் பக்கத்து முஸ்லிம்கள் அவருடைய தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள். வடக்கத்தி முஸ்லிம்கள் அவருடைய உருதுவைக் கேட்டுச் சிரித்தார்கள். இரண்டு பக்கமும் சிரித்ததில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை கிடைத்தது. கடிதங்களை நகல் எடுக்கும் வேலை. மூன்றாவது வாரம் அதிலிருந்து ஓடினார்.

அடுத்து, பினாங்குத் தீவுக்கு எதிரே கடலுக்கு அக்கரையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியானார். அங்கே குமாஸ்தாவுக்குப் பெயர் கிராணி. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட வேண்டும். காய்ச்சலில் படுத்திருப்பவனை, வேலைக்கு வராமல் ஏய்த்தவன் என்று எழுத வேண்டும் என்பது தோட்டத்துத் துரையின் உத்தரவு. ஷபீ அஹமது காய்ச்சல் என்றே எழுதினார். அடித்து எழுதச் சொன்னார்கள். அடித்துவிட்டு, கடும் காய்ச்சல் என்று எழுதினார். நாற்பது நாளில் அந்த வேலையும் முடிந்தது.

மூன்றாவதாகக் கிடைத்ததுதான் விசித்திரமான வேலை. பினாங்கில் ஒரு பெரிய தானிய வியாபாரி, பெயர் சர்தார் பாஷா. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. துறைமுகத்து வெள்ளைக்கார அதிகாரிகள் தன்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. அதற்காக ஆங்கிலம் சொல்லித்தர ஷபீ அஹமதை வைத்துக்கொண்டார். இரண்டு மாதம் மனிதர் விழுந்து விழுந்து படித்தார். ஒருநாள் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்து, தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"வாத்தியாரே, இன்னிக்கி எல்லாம் புரிஞ்சிடுச்சி."

"சந்தோஷம் பாய்."

"சந்தோஷம் எனக்கு இல்ல. பத்து வருஷமா அந்தத் துறைமுகத்துத் தொரை சிரிச்சிக்கினே ஒண்ணு சொல்வான். நானும் சிரிச்சிக்கினே தலையாட்டுவேன். பன்னின்னு சொல்லியிருக்கான்." கழற்றிய தலைப்பாகையை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டார். "நாளைலேர்ந்து நீங்க வர வேணாம். இன்னும் கத்துக்கினா எனக்கு வியாபாரமே ஓடாது."

ஆக, படிக்காதவர்களிடமிருந்து தப்பி வந்த மனிதரை, படிப்புச் சொல்லிக் கொடுத்ததற்காக அனுப்பிவிட்டார்கள். போதாததற்குத் தோட்டத்துக் கொசு தன் பங்கைக் கொடுத்திருந்தது. குளிர் காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட, அக்கரையில் சில தோட்டங்கள் சேர்ந்து நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். ஓலைக் கூரை, இருபது கட்டில். ஒரே ஒரு டாக்டர், பெயர் ஹார்ட்லி. அந்தப் பெயர் தோட்டத்து ஆட்களின் வாயில் நுழையவில்லை. ஆட்டுத் துரை என்றார்கள். அவருக்குத் தாடியும் இருந்ததால் பெயர் நின்றுவிட்டது.

டாக்டருக்கும் நோயாளிகளுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொன்னவர் தேவசகாயம் என்ற டிரஸ்ஸர். புண்ணுக்குக் கட்டுப் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவருடைய தகப்பனார் ஆம்பூர்க்காரர். ஆனால் இவர் பினாங்கிலேயே பிறந்து ஆங்கிலப் பள்ளியில் வளர்ந்தவர். அவருடைய தமிழ், காய்கறிக்காரியிடம் பேரம் பேசும் அளவுக்கு மட்டுமே வரும்.

ஷபீ அஹமது காய்ச்சலில் கிடந்த நாலாவது நாள், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ராஜம்மாள் என்ற பெண் வந்து டாக்டர் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தாள். மாதனூர்ப் பக்கத்துக்காரி. முகம் வெளுத்திருந்தது.

"இன்னா ஒடம்புக்கு?" என்று தேவசகாயம் கேட்டார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மூணு மாசமா முழுகாம இருக்கேன். சோத்தைக் கண்டாலே கொமட்டுது."

தேவசகாயம் டாக்டர் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார். "மூன்று மாதமாகக் குளிக்கவில்லையாம் டாக்டர். அதனால் வாந்தி வருகிறதாம்."

டாக்டர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். "எனக்கே வருகிறது. முதலில் நன்றாகச் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லுங்கள். அப்புறம் பேதி மருந்து கொடுங்கள். இரண்டு மடங்காகக் கொடுங்கள்."

ஷபீ அஹமது கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. கச்சேரியில் பதினோரு வருடம் எழுதிய ஆங்கிலம் முதல்முறையாக வாய் வழியே வந்தது.

"டாக்டர், அந்த மருந்தைக் கொடுக்காதீர்கள். அவள் தினமும் குளிக்கிறாள். அவள் கர்ப்பிணி."

டாக்டர் டிரஸ்ஸரைப் பார்த்தார். டிரஸ்ஸர் ஷபீ அஹமதைப் பார்த்துக் கேட்டார். "அப்படியானால் குளிக்கவில்லை என்று ஏன் சொன்னாள்?"

"எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்."

"ஏன்?" என்று கேட்டார் டாக்டர்.

"கர்ப்பமாக இருக்கிறேன் என்று ஆண்பிள்ளையிடம் சொல்ல வெட்கம்."

"குளிக்கவில்லை என்று சொல்ல வெட்கம் இல்லையா?"

ராஜம்மாள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் ஊர்ப் பேச்சுக்காரர் என்பதால் ஷபீ அஹமதிடம் கேட்டாள். "இன்னாங்க சொல்றாரு தொரை?"

"குளிக்கச் சொன்னாரு. இப்ப வேணாங்கறாரு."

அவளுக்குச் சரியான மருந்து கிடைத்தது. ஆறு மாதத்தில் ஆண்பிள்ளை பிறந்தது. நன்றியாக அவருடைய பெயரை வைத்தார்களா என்று கேட்காதீர்கள். முருகன் பெயரை வைத்தார்கள்.

காய்ச்சல் விட்டதும் டாக்டர் அவரை அழைத்து, இங்கேயே துபாஷியாக இருந்து பேச்சை மாற்றிச் சொல்கிறாயா என்று கேட்டார். ஷபீ அஹமதுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்கிறார். கேட்டதால் ஒரு காரியம் நடக்கிறது. பதினோரு வருடமாக அவர் காணாத அதிசயம் அது. ஒரே ஒரு சிக்கல், அப்படி ஒரு பதவி அங்கே இல்லை. கூட்டிப் பெருக்கும் ஆள், இரண்டாம் தரம் என்ற இடம் காலியாக இருந்தது. அதில் அவர் பெயரை எழுதிக்கொண்டார்கள். முழுக்க அநியாயம் என்று சொல்ல முடியாது; சில நாள் பெருக்கவும் செய்தார்.

மனைவிக்கு அதையும் விடாமல் எழுதினார். ஹலீமா பீ கடிதத்தைப் படித்தாள், கையெழுத்து சுமாராக இருக்கக் கண்டு நம்பினாள். தகப்பனாரிடம் ஆஸ்பத்திரியில் வேலை என்று மட்டும் சொன்னாள். கவுஸ் பாஷாவுக்கு அது போதும். ஒரு வருடத்துக்குள் மேல்விஷாரம், ஆற்காடு, ராணிப்பேட்டை மூன்று ஊரிலும் அவருடைய மருமகன் பினாங்கில் பெரிய டாக்டர் ஆகிவிட்டார். வயிற்று வலிக்காரர்களும் மூட்டு வலிக்காரர்களும் ஹலீமா பீயிடம் வந்து, டாக்டர் சாயபுக்கு எழுதி மருந்து கேளுங்கள் என்றார்கள். பினாங்குக்குக் கடுதாசி போய் வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால் அவளே கஞ்சி குடிக்கச் சொல்லி அனுப்பினாள். முக்கால்வாசிப் பேருக்குக் குணமாயிற்று.

அங்கே ஷபீ அஹமது வேலையில் மூழ்கிப் போனார். மூழ்கியவர் ஒரு தப்பும் செய்தார். ஹார்ட்லி நல்ல வைத்தியர், ஆனால் வாய் மோசம். முட்டாள், கழுதை என்றுதான் நோயாளியிடம் ஆரம்பிப்பார். ஷபீ அஹமது அதைத் தமிழில், "அய்யா, அம்மா, தொரை உங்களைப் பத்தி ரொம்பக் கவலைப்படறாரு" என்று மாற்றினார். நோயாளிகளும் சளைத்தவர்கள் அல்ல. "இந்தத் தாடிக்காரன் கையில கட்டி மொளைக்க" என்பதை, இவர் உங்களுக்கு நன்றி சொல்கிறார் என்று ஆங்கிலமாக்கினார். நாலு வருடம் இப்படிப் போயிற்று. டாக்டருக்குத் தமிழர்கள் மிகவும் பணிவானவர்கள் என்ற எண்ணம் உண்டாயிற்று. தமிழர்களுக்கு டாக்டர் தங்கமான மனிதர், முகம்தான் அப்படி என்ற எண்ணம் உண்டாயிற்று. ஆஸ்பத்திரியில் அமைதி நிலவியது. ஷபீ அஹமது அதைத் தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டார்.

1916இல் தனகோடி வந்து சேர்ந்தான். அணைக்கட்டுக்காரன், முப்பது வயது, நெஞ்சு முழுக்கச் சளி, ரத்தமாக இருமினான். டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு எழுந்து நின்றார். அன்றைக்கு அவர் கழுதை என்று சொல்லவில்லை. "இரண்டு நாள், அதிகம் போனால் மூன்று. யாரையாவது வரவழைக்க வேண்டுமானால் இப்போதே சொல்லச் சொல்."

தனகோடி ஷபீ அஹமதின் முகத்தைப் பார்த்தான். "இன்னா பாய் சொல்றாரு?"

"பத்து நாள்ல எழுந்து உக்காருவேங்கறாரு. கவலைப்படாத."

தனகோடி சிரித்தான். மூன்றாம் நாள் காலையில் இறந்து போனான். அடுத்த வாரம் அவனுடைய அண்ணன் வந்தான். இரண்டு தோட்டம் தள்ளித்தான் வேலை செய்துகொண்டிருந்தான். ஒரு மணி நேரம் நடந்தால் வந்திருக்கலாம். தம்பியின் துணி மூட்டையை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"தொரைக்கே தெரியலியா பாய்? பொழைச்சிக்குவான்னா சொன்னாரு?"

ஷபீ அஹமது உண்மையைச் சொன்னார். "அவர் சரியாத்தான் சொன்னாரு. நான்தான் மாத்திச் சொன்னேன்."

அண்ணன் அவரை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. "சொல்லியிருந்தா ஆள் உட்டு என்னைக் கூப்ட்டிருப்பான். மூஞ்சியைப் பாத்திருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்த வழியே நடந்தான்.

அதற்குப் பிறகு ஷபீ அஹமது பத்து நாள் பெருக்குகிற வேலையை மட்டும் செய்தார். பேச்சை மாற்ற வரவில்லை. பழையபடி தேவசகாயம் நின்று, காய்ச்சல் டாக்டர், வயிறு டாக்டர் என்று ஒற்றை வார்த்தையில் முடித்தார். பதினோராம் நாள் டாக்டர் வெளியே வந்து, கையில் துடைப்பத்தோடு நின்றவரிடம் என்ன கோளாறு என்று கேட்டார். ஷபீ அஹமது எல்லாவற்றையும் சொன்னார். தனகோடியைப் பற்றிச் சொன்னார். அதற்கு முந்தைய நாலு வருடத்தையும் சொன்னார்.

டாக்டர் வெகுநேரம் தாடியைத் தடவினார். "அப்படியானால் அவர்கள் எனக்கு நன்றி சொன்னதே இல்லையா?"

"சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மூன்று பேர்."

"மற்றவர்கள்?"

"திட்டுவார்கள்."

"என்னவென்று?"

"உங்கள் கை முடை நாற்றம் அடிக்கிறது என்பார்கள். சுருட்டுப் பிடித்த கையோடு நாக்கை இழுத்துப் பார்க்கிறீர்கள் என்பார்கள். உங்களுக்கு ஆட்டுத் துரை என்று பெயர்."

"ஆடு?"

"ஆடு."

டாக்டர் உள்ளே போனார். கைகழுவும் சத்தம் கேட்டது. பிறகு தலையை வெளியே நீட்டினார். "நாளை முதல் நான் சொன்னதை நான் சொன்னபடி சொல். அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடி சொல். ஒரு எழுத்து கூட்டினாலும் உன்னை உண்மையாகவே பெருக்க அனுப்பிவிடுவேன்."

அடுத்த ஒரு மாதம் அந்த ஆஸ்பத்திரியில் நடந்ததை எழுத்தில் கொண்டுவருவது கஷ்டம். டாக்டர் முட்டாள் என்றார். ஷபீ அஹமது முட்டாள் என்றார். நாலு வருடம் தங்கமாக இருந்த துரைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தோட்டமெல்லாம் பேச்சு. ஒரு கிழவி பதிலுக்குத் துரையின் தாய்வழி முப்பாட்டன் வரைக்கும் போனாள். ஷபீ அஹமது படிப்படியாக இறங்கி அத்தனையையும் ஆங்கிலத்தில் சொன்னார். ஓரிடத்தில் ஆங்கிலத்தில் சொல் இல்லாமல், கையால் காட்ட வேண்டியிருந்தது. டாக்டரின் காது சிவந்துவிட்டது. ஆனால் தான் பேசுவது அப்படியே போய்ச் சேருகிறது என்று தெரிந்ததும் மனிதர் வாயை அடக்க ஆரம்பித்தார். நோயாளிகளும் தாங்கள் சொல்வது ஒன்றுவிடாமல் போகிறது என்று தெரிந்து, திட்டை விட்டுவிட்டு நோவைச் சொன்னார்கள். சாகப்போகிறவனிடம் அதைச் சொல்வதுதான் கடைசிவரை கஷ்டமாக இருந்தது. சொன்னார். சொல்லிவிட்டு, யாரை வரவழைக்க வேண்டும் என்று கேட்டு, தானே நடந்துபோய் அழைத்து வந்தார். தேவசகாயம் சாயங்காலங்களில் பக்கத்தில் உட்கார்ந்து அவரிடம் தமிழ் கற்றுக்கொண்டார். ஆரம்பத்தில் இருந்த பொறாமை போய், பிள்ளைபோல ஒட்டிக்கொண்டார்.

1920இல் ஹலீமா பீ கிளம்பி வந்தாள். எட்டு வருடம் கடுதாசியோடு குடித்தனம் நடத்தியது போதும் என்று தகப்பனாரிடம் சொன்னாள். கவுஸ் பாஷா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: எந்த ஊரானாலும் பர்தா விடக்கூடாது. வந்து பார்த்தால் ஆஸ்பத்திரியில் பெண்களின் கட்டில்களுக்கு முன்னால் பெரிய திரை தொங்கியது. ஆண்பிள்ளையிடம் சொல்ல முடியாத நோவுகளைப் பெண்கள் திரைக்கு உள்ளே ஹலீமா பீயிடம் சொன்னார்கள். அவள் திரை ஓரமாக நின்று கணவரிடம் உருதுவில் சொன்னாள். அவர் டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். இப்படிப் பதினோரு வருடம் அவள் வேலை செய்தாள். பர்தா ஒருநாளும் விலகவில்லை. அவளை எந்தப் பதவியிலும் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெருக்குகிற ஆளாகக்கூட எழுதவில்லை. ஷபீ அஹமது கேட்டுப் பார்த்தார். டாக்டர், பெண்களுக்கு அந்தப் பதிவேட்டில் இடம் இல்லை என்றார். "இருந்தா மட்டும் இன்னா, என்னையும் பெருக்கச் சொல்வாங்க" என்றாள் ஹலீமா பீ.

1931இல் ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்கள் மூடப்பட்டன. ஆட்களைக் கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியையும் பூட்டினார்கள். ஹார்ட்லி சீமைக்குப் போனார். புருஷனும் பெண்சாதியும் மேல்விஷாரத்துக்குத் திரும்பினார்கள். கவுஸ் பாஷா அதற்குள் மவுத்தாகியிருந்தார். வாசலில் முப்பது பேர் நோவோடு காத்திருந்தார்கள். ஷபீ அஹமது, நான் டாக்டர் இல்லை, பதிவேட்டில் பெருக்குகிற ஆள் என்றார். அடக்கத்தைப் பார் என்று அவர்கள் வியந்துவிட்டு வரிசையில் உட்கார்ந்தார்கள்.

சும்மா இருக்கப் பிடிக்காமல் வேலூருக்குப் போனார். அங்கே வெள்ளைக்கார டாக்டர்கள் இருந்த ஆஸ்பத்திரி ஒன்றில், துபாஷி தேவையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். மேஜைக்குப் பின்னால் இருந்த துரைசாணி நிமிர்ந்து பார்த்து, சுத்தமான தமிழில், "உட்காருங்கள் ஐயா, உங்களுக்கு உடம்புக்கு என்ன?" என்றாள். அவருடைய தமிழைவிட அவளுடைய தமிழ் நன்றாக இருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"இன்னா சொன்னாங்க?" என்று ஹலீமா பீ கேட்டாள்.

"நோயாளிங்க பேசறது அவங்களுக்கே புரியுது. நான் தேவையில்ல."

"நல்லதுதானே?"

"நல்லதுதான்" என்றார்.

நாலு வருடம் வீட்டில் இருந்தார். நாலு வருடமும் அவர் மனைவிக்குக் கஷ்ட காலம். தெருவில் யார் யாரிடம் என்ன பேசினாலும் இவர் நடுவில் புகுந்து, அவர் சொன்னது அதுவல்ல, இது என்பார். இரண்டு மாமியார் மருமகள் சண்டைகளை முற்ற வைத்தார். 1935இல் தேவசகாயம் கடிதம் எழுதினார். தோட்டங்கள் திறந்துவிட்டன, ஆஸ்பத்திரியும் திறந்துவிட்டது, புது டாக்டர் சின்னப்பையன், என்ன நோவென்றாலும் எல்லோருக்கும் காய்ச்சலுக்கான கொய்னாவே கொடுக்கிறான், வாருங்கள் என்று இருந்தது. ஷபீ அஹமதுக்கு ஐம்பத்து மூன்று வயது. கடிதத்தை மனைவியிடம் நீட்டினார்.

"எனக்கு முட்டி வலி. இனிமே கப்பல் ஏற முடியாது" என்றாள் அவள். "நீங்க போங்க. இங்க இருந்தா தெருவே ரெண்டு படும்."

வாலாஜா ரோடு ஸ்டேஷனுக்கு அவளும் வண்டி கட்டிக்கொண்டு வந்தாள். ரயில் வந்து நின்றபோது, ஒரு ஆங்கிலோ இந்திய டிக்கெட் பரிசோதகர் ஒரு குடியானவரைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். இருவருக்கும் மற்றவர் பேசுவது புரியவில்லை. ஷபீ அஹமது பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கே போனார். ரயில் ஊதியது. அவர் குடியானவரின் நியாயத்தை ஆதியிலிருந்து ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஹலீமா பீ பர்தாவோடு நடந்து போய், அவர் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து, ஓடத் தொடங்கிய வண்டிக்குள் தள்ளினாள். பெட்டியை அந்தக் குடியானவர் தூக்கிப் போட்டார்.

1937ஆம் வருடம் மழைக்காலத்தில் ஷபீ அஹமது அங்கேயே காய்ச்சலில் மவுத்தானார். பிழைக்கமாட்டீர்கள் என்று அந்தச் சின்ன டாக்டர் அவரிடம் நேராகச் சொன்னதாகவும், கூட்டாமல் குறைக்காமல் சொன்னீர்கள் என்று இவர் பாராட்டியதாகவும் தேவசகாயம் எழுதியிருந்தார். அந்த ஊர் ஆற்றங்கரைப் பள்ளிவாசலில் அடக்கம் செய்தார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருத்தி, இந்த வயதில் அவரை ஏன் போகவிட்டாய் என்று ஹலீமா பீயைக் கேட்டாள்.

"அவருக்கு அங்க வேலை இருந்துச்சி" என்றாள் ஹலீமா பீ. "நீ உக்காரு. தண்ணி கொண்டாரேன்."